இருபத்து மூன்றாம் செடிக்குச் சுற்றிய ஆரத்தி

மழைக்காலத்தில் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும், ரோஜா எவ்வளவு பார்க்கச் சகிக்காத செடி என்று. ஆனி கடைசியில் மழை பிடித்தால் முதலில் அடி இலையில் மை சொட்டியது போல ஒரு கறுப்புப் புள்ளி விழும். நாலு நாளில் அந்தப் புள்ளியின் ஓரம் நூல் பிரிந்தாற்போல் பரவும். அப்புறம் புள்ளியைச் சுற்றி இலை மஞ்சளாகும். தொட்டால் உதிரும். ஆவணி முடிவதற்குள் செடியில் இலையே இருக்காது. முள்ளும் குச்சியுமாக நிற்கும். உச்சியில் மட்டும் ஒரு பூ, கீழே நடந்தது எதுவும் தனக்குத் தெரியாது என்பது போல.

பெங்களூரின் வடக்குப் பக்கம், ஊர் முடிந்து ராகி வயல் தொடங்கும் இடத்தில் ஒரு பூ ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. அதில் நான் பல வருஷம் தினக்கூலியாக வேலை செய்தேன். எங்கள் வீடு அல்சூரில். காலையில் சிவாஜிநகர் போய் அங்கே இன்னொரு பஸ் மாற வேண்டும். களை எடுப்பது, உதிர்ந்த இலையைப் பொறுக்கி எரிப்பது, காட்டு ரோஜாத் தண்டில் பட்டையைக் கீறி நல்ல ரோஜாவின் துளிர்க் கண்ணை வைத்துக் கட்டுவது, இவைதான் வேலை. கண் கட்டுவதில் என் கை சுத்தம். நூறு கட்டினால் தொண்ணூறாவது துளிர்க்கும். அதை நானாக யாரிடமும் சொன்னதில்லை. நான் யாரிடமும் எதையும் அதிகம் சொல்கிறவள் இல்லை.

அஞ்சாம் வகுப்புவரை படித்திருந்தேன். அதனால் லேபிள் வேலையும் என்னிடம் வந்தது. பண்ணையில் ஒரு சட்டம் உண்டு. செடிக்கு எதைச் செய்தாலும் அதன் லேபிளில் எழுதிவிட வேண்டும். கவாத்து செய்த தேதி, உரம் வைத்த தேதி, மருந்து அடித்திருந்தால் என்ன மருந்து, எல்லாம். பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை மழையில் கரைந்துவிடும், பென்சில் நிற்கும். எண்ணும் நாலைந்து இங்கிலீஷ் எழுத்தும் எனக்குத் தெரியும். அது போதும் என்றார்கள்.

தொண்ணூற்றைந்தோ ஆறோ, ஒரு நாள் ஈரப் பாசியில் சுற்றிய ஒரு கட்டு ரோஜாக் குச்சிகள் ரயிலில் வந்தன. எங்கள் பண்ணையில் வெட்டி அனுப்பிய குச்சிகள்தான். தூரத்தில் ஏதோ ஒரு ஊருக்குப் போய், கதிர் காட்டப்பட்டுத் திரும்பி வந்திருந்தன. எக்ஸ்ரே போல, ஆனால் அதைவிட பலமான கதிர் என்றார் எங்கள் மேடம். நான் ஒரு குச்சியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். சுட்ட தடம் இல்லை. வாடல் இல்லை. போனபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது.

"உள்ளே கலைஞ்சிருக்குங்க அக்கா" என்றார் மேடம். "எங்கே கலைஞ்சிருக்குன்னு நமக்குத் தெரியாது. கட்டி வளர்த்தாத்தான் தெரியும்."

மேடம் என்று நான் சொல்வது கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். அப்போது முப்பது வயதிருக்கும். பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கும் படித்துக்கொண்டிருந்தார். என்னைவிட இருபது வயது சின்னவர். எல்லோரையும் அக்கா என்பார். நான் அவரிடம் பேசியதெல்லாம் "சரி மேடம்", "ஆச்சு மேடம்", அவ்வளவுதான்.

அந்தக் குச்சிகளின் கண்களை எடுத்து நான் கட்டினேன். பாதிக்கு மேல் கறுத்துப்போயின. மிச்சம் துளிர்த்தன. துளிர்த்ததைப் பார்க்கத்தான் எனக்குத் தினமும் பஸ் சீக்கிரம் வர வேண்டும் என்று இருந்தது. தாய்ச்செடி ஒன்றே. ஆழ்ந்த சிவப்பில் பெரிய பூ பூக்கும் ஒரு வகை. அதன் பிள்ளைகளோ ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஒன்றுக்கு இலை நூல் போல. ஒன்று தரையை விட்டு எழும்பவே இல்லை. ஒன்றில் ஒரே பூவில் பாதி சிவப்பு, பாதி வெள்ளை, நடுவில் கோடு கிழித்தாற்போல. நான் அதன் முன்னால் மண்வெட்டியோடு நின்றுவிட்டேன்.

என்னோடு வேலை செய்த ஒருத்தி, ராஜனகுண்டேப் பக்கத்துக் கன்னடக்காரி, தமிழை அவள் பாணியில் பேசுவாள். அவள் பின்னாலிருந்து சொன்னாள்: "ஏனக்கா, வாயை மூடுங்க. ஈ போகும்."

இருபத்து மூன்றாம் செடி இவற்றில் எதைப் போலவும் இல்லை. அதன் பூ அழகில்லை. சிவப்பெல்லாம் போய், பலமுறை துவைத்த ரவிக்கைத் துணி போல ஒரு வெளிறிய ரோஸ். ஏழெட்டு இதழ்தான். பெரிய ஆபீசர், அந்தப் பகுதி முழுவதற்கும் மேலே இருந்தவர், வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து இதன் முன்னால் நிற்கக்கூட இல்லை. கையை வீசிப் பிடுங்கச் சொல்லிவிட்டு நடந்தார். மேடம்தான் ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுப் பிடுங்கலாம் என்று கேட்டு வாங்கினார். அதன் கொழுந்து பீட்ரூட் நிறத்தில் இருந்ததைப் பார்த்து அவருக்கு ஏதோ தோன்றியிருக்கிறது.

மழை வந்தது. மற்றச் செடிகள் வழக்கம்போல் குச்சியாயின. இருபத்து மூன்று இலையோடு நின்றது. கீழிருந்து மேல்வரை பச்சை, கொஞ்சம் தடித்த பச்சை.

அடுத்த மழைக்காலத்தில் மேடம் ஒரு வேலை சொன்னார். நாங்கள் பொறுக்கி எரிக்கிற புள்ளி இலைகளை எரிக்கக் கூடாதாம். வாளியில் ஊற வைத்து, அந்தத் தண்ணீரை வடிகட்டி, எல்லாக் கதிர்ச் செடிகள் மேலும் தெளித்து, இரண்டு நாள் பாலித்தீன் பையால் மூடிவைக்க வேண்டுமாம். நோய் பிடிக்கிறதா என்று பார்க்க. மழை முடியும்வரை இப்படித் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டுமாம்.

கன்னடக்காரி சொன்னாள்: "நம்ம புள்ளைங்களுக்குச் சொட்டு மருந்து போடறாங்க. இந்தம்மா செடிக்குச் சொட்டு நோய் போடறாங்க."

தெளித்தோம். மூடினோம். பத்து நாளில் எல்லாவற்றிலும் புள்ளி. இருபத்து மூன்றில் இல்லை. உற்றுப் பார்த்தால் குண்டூசி குத்தியது போல அங்கங்கே ஒரு பழுப்புத் துளி, அவ்வளவே. அது பரவவில்லை.

மேடம் செடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நாலு வருஷமா ஒண்ணுமே கிடைக்கலைங்க அக்கா. இது ஒண்ணுதான். இந்த ஒரு செடிதான் என் படிப்பே."

சேதி பரவிற்று. ஜீப்பில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆடி மாதம் ஒரு நாள் வெளியூர் ஆபீசர் ஒருவர் வந்து இலைகளைக் கையால் தடவித் தடவிப் பார்த்து, இந்த மழையிலுமா, இந்த மழையிலுமா என்று இரண்டு தரம் வியந்துவிட்டுப் போனார். அந்த வாரமே அடியில் மூன்று இலை பழுத்து விழுந்தது.

வயதான இலை விழத்தான் செய்யும் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஊரே மொட்டையாக நிற்கும்போது ஒன்று மட்டும் செழித்து நின்றால் அதன்மேல் கண் விழும். எங்கள் வீட்டில் குழந்தைக்கு அப்படி ஆனால் ஆரத்தி சுற்றுவோம். தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து ஒரு துளி வெற்றிலைச் சுண்ணாம்பைப் போட்டால் ரத்தச் சிவப்பாகும். மூன்று சுற்றுச் சுற்றிக் கொண்டுபோய்ச் செடியடியில் ஊற்றுவோம். இங்கே செடிக்கே கண். அதனால் செடியைச் சுற்றி, அதன் அடியிலேயே ஊற்றினேன். மிச்சத்தை இலைமேல் கையால் தெளித்தேன், குழந்தையின் கன்னத்தில் தொட்டு வைப்பது போல.

வெள்ளிக்கிழமை தோறும், எல்லோரும் சாப்பிடக் கொட்டகைக்குப் போனபிறகு, நான் டிபன் டப்பாவின் மேல்தட்டில் கொண்டுவந்த மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு போவேன். கன்னடக்காரி ஒருத்திதான் பார்த்தாள்.

"அக்கா, உங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சா? ஆரத்தி ஜோரா இருக்கு."

"சும்மா இருடி. யார் கிட்டயும் சொல்லாத."

"நான் ஏன் சொல்றேன். எனக்கும் சேர்த்து ஒரு சுத்து சுத்துங்க. என் வீட்டுக்காரன் கண்ணுதான் பெரிய கண்ணு."

லேபிளில் நான் எழுதவில்லை. எழுதத் தோன்றவே இல்லை. ஆரத்தி என்ன மருந்தா?

புரட்டாசியில், இலைகளைச் சோதிக்கிற லேபில் வேலை செய்கிறவர் காய்ச்சலென்று லீவு போட்டார். மேடம் என்னைக் கூப்பிட்டார். அதற்கு முன்னால் நான் அந்தக் கட்டடத்துக்குள் போனதில்லை. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டேன். போட்டுக்கொண்டே வரலாம் என்றார். நான் போடவில்லை.

இலையை அரைக்கிற வேலை. வீட்டில் இஞ்சி நசுக்குவது போன்ற வெள்ளைக் குழவிதான், பீங்கான். தாய்ச்செடியின் இலை தனியாக, இருபத்து மூன்றின் இலை தனியாக எடை போட்டு, ஸ்பிரிட் விட்டு அரைத்து, வடிகட்டினேன். தாய்ச்செடிச் சாறும் பச்சை, இதுவும் பச்சை. பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. மேடம் ஒவ்வொன்றிலும் சொட்டுக் கணக்காக எடுத்துக் கண்ணாடிக் குழாய்களில் விட்டுத் தண்ணீர் சேர்த்தார். பச்சை மறைந்து வெறும் தண்ணீர் போல ஆயிற்று. ஒரு மஞ்சள் மருந்து விட்டார். அப்புறம் சோடா உப்புக் கரைத்த தண்ணீர். குழாய்களைக் கொதிக்கிற நீரில் ஒரு நிமிஷம் வைத்து எடுத்து வரிசையாக நிறுத்தினார்.

நீலம் ஏறியது. யாரும் நீலத்தை ஊற்றவில்லை. ஒன்றுமில்லாத தண்ணீருக்குள்ளிருந்து அது தானாக வந்தது. தாய்ச்செடிக் குழாயில் துணிக்குப் போடும் நீலம் போல வெளிறி நின்றது. இருபத்து மூன்றின் குழாயில் ஏறிக்கொண்டே போய், கடைசியில் மயில் கழுத்து நிறத்தில் நின்றது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாழைக்காய் நறுக்குனா கை கறுத்துப் போகுதுங்களே அக்கா" என்றார் மேடம். "நாக்குல வெச்சா துவர்க்குது. அந்தத் துவர்ப்புத்தான் இது. எல்லா இலையிலயும் கொஞ்சம் இருக்கும். எவ்வளவு இருக்கோ அவ்வளவு நீலம். இந்தச் செடி கூடுதலா வெச்சிருக்குது. பூஞ்சை உள்ளே நுழைஞ்சா அதுக்கு அந்தத் துவர்ப்பு விஷம்."

"செடியேவா மேடம் செஞ்சுக்குது?" அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"செடியேதான். அதுக்கு எந்திரிச்சு ஓட முடியாதில்லைங்களா. வேண்டியதை உள்ளேயே காய்ச்சிக்குது."

அப்போது அவர் அடுத்த தடவைக்கான இலைகளை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். இருபத்து மூன்றின் இலையைத் துடைத்த பஞ்சு செம்பழுப்பாக வந்தது. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். "மழையில நம்ம செம்மண்ணு தெறிச்சிருக்குது" என்று சொல்லிக் குப்பையில் போட்டார்.

செம்மண் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த நொடியில்தான் ஆரத்தியும் மருந்தும் என் மனசில் ஒன்றாகச் சேர்ந்தன. மஞ்சள் புண்ணில் வைத்தால் புண் ஆறும். சுண்ணாம்பு சுவரில் அடித்தால் பாசி பிடிக்காது. இதையெல்லாம் அறிந்தவள்தான் நான். ஆடியிலிருந்து புரட்டாசிவரை வாராவாரம் அந்த இலைகளுக்கு நான் மருந்து அடித்திருக்கிறேன். மேடமோ எந்த மருந்தும் படாத செடி என்று நம்பி, எண்ணி, எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த நீலத்தில் செடியுடையது எவ்வளவு, என்னுடையது எவ்வளவு? முந்தின வருஷமும் அது சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வருஷம் நோயைத் தெளித்து மூடவில்லை, சும்மா பார்த்ததுதான். சோதனை என்று செய்தது இந்த வருஷம்தான், அதிலும் முதல் தடவை தவிர மற்றதெல்லாம் ஆரத்தி பட்ட இலைமேல். அதை நான் கெடுத்துவிட்டேன்.

அன்று எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. சிவாஜிநகரில் என் பஸ் வந்து போய்விட்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஒரு வாரம் தினமும் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன். மேடம், ஒரு விஷயம். மேடம், தப்பா நினைக்காதீங்க. பண்ணை வாசல் வந்ததும் வாய் ஒட்டிக்கொள்ளும். அவர் சிரித்த முகமாக வருவார். கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டதாகச் சொல்வார். நான் "சரி மேடம்" என்பேன். வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களே என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைவிட, அந்த முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமே என்பதுதான் பெரிதாக இருந்தது. சொல்லாமலே விட்டாலோ, பெரிய பெரிய ஆட்கள் முன்னால் அவர் போய் நின்று பொய்யை மெய்யென்று சொல்வார், பொய்யென்று தெரியாமலே.

கடைசியில் எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். ஒரு புது லேபிள் எடுத்தேன். பென்சிலால் தமிழில் எழுதினேன். 'இந்தச் செடிக்கு ஆடி இரண்டாம் வெள்ளி முதல் வாராவாரம் ஆரத்தித் தண்ணீர் தெளிக்கப்பட்டது. மஞ்சள், சுண்ணாம்பு. வேரிலும் இலையிலும். மற்றச் செடிகளுக்கு இல்லை. தெளித்தவள் நான்.' அதைப் பழைய லேபிளுக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டுவிட்டு, தோட்டத்தின் மறுகோடிக்குப் போய்க் களை எடுத்தேன்.

பதினோரு மணிக்கு மேடம் நோட்டோடு வரிசைக்குள் போவது தெரிந்தது. இருபத்து மூன்றின் முன்னால் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு வரப்பில் உட்கார்ந்தார். ஈர வரப்பு. சேலை நனையுமே என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தேன்.

அப்புறம் என்னிடம் வந்தார். நான் எழுந்து நின்றேன். என் கையில் கோரைப்புல்.

"எத்தனை வெள்ளிக்கிழமைங்க அக்கா?"

"பத்து."

"மஞ்சள் எவ்வளவு?"

"ஒரு ஸ்பூன் மேடம். சுண்ணாம்பு பட்டாணி அளவு. தண்ணி ஒரு சொம்பு."

"கடைசியா என்னைக்கு?"

"நீங்க லேபுக்குக் கூப்பிட்டதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. அப்புறம் தெளிக்கல."

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், எளிதாகப் போயிருக்கும். நோட்டை மூடிவிட்டு, "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"கண்ணு பட்டுடும்னு."

அவர் தலையைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தார். உதடு துடித்தது. அழுகையா சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "எங்க அம்மாவும் இதையேதான் செஞ்சிருப்பாங்க" என்றார். "சொல்லாம இருந்திருந்தீங்கன்னா நான் என்னாயிருப்பேன்னு தெரியுங்களா?" பதிலுக்கு நிற்காமல் கட்டடத்துப் பக்கம் போனார்.

பெரிய ஆபீசரிடம் அவர் மறைக்கவில்லை. அந்த மழைக்காலத்துக் கணக்கு முழுவதையும் அடிக்கச் சொல்லிவிட்டார்கள். அதோடு இன்னொன்று. அந்த நிலத்தில் கூரை போட்ட கண்ணாடி வீடு மாதிரி ஏதோ கட்டப்போகிறார்களாம், வெளிநாட்டுக்குப் பூ அனுப்புகிற காலம் அது. பங்குனியில் வரும் உகாதிக்கு முன்னால் வரிசையைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் நிரூபித்தால் செடி பிழைக்கும், மேடத்தின் படிப்பும் பிழைக்கும். இல்லையென்றால் இரண்டும் போயிற்று. அடுத்த மழைவரை யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

என்னை நிறுத்தவில்லை. நிறுத்துவார்கள் என்று கன்னடக்காரி ரொம்ப நாள் எதிர்பார்த்தாள். "அக்கா, நீங்க போனா அந்த லேபிள் பென்சிலை எனக்குக் குடுத்துடுங்க" என்றாள். எழுதத் தெரியாதவள் அவள்.

ஐப்பசியில் மேடம் என்னைக் கூப்பிட்டு இருபது தொட்டி காட்டினார். பத்தில் இருபத்து மூன்றின் கண்ணும், பத்தில் தாய்ச்செடியின் கண்ணும் கட்டச் சொன்னார். கை நடுங்கினால் கண் செத்துப்போகும். நடுங்காமல் கட்டினேன். இருபதும் துளிர்த்தன. தை முடிவதற்குள் இலை விட்டு நின்றன.

அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இந்த இருபதுல பாதிக்கு வெள்ளிக்கிழமை தோறும் நீங்க ஆரத்தித் தண்ணி தெளிக்கணும். அதே மஞ்சள், அதே சுண்ணாம்பு, அதே சொம்பு. மீதிப் பாதிக்கு வெறும் தண்ணி. ரெண்டு வகையிலயும் அஞ்சஞ்சு. எதுக்கு எதுன்னு என்கிட்டச் சொல்லாதீங்க. ஒரு தாள்ல எழுதி நீங்களே வெச்சுக்கங்க."

"உங்களுக்குத் தெரிய வேண்டாமா மேடம்?"

"எனக்குத் தெரிஞ்சா என் கண்ணு பொய் சொல்லும். ஆசைப்பட்டுக் குறைச்சு எண்ணிருவேன்."

நான் தப்பாகச் செய்த காரியம் வேலையாக ஆயிற்று. இந்தத் தடவை சுற்றவில்லை, தெளித்தேன் மட்டும். மாசி வெயிலில் நோய் வராது என்று, நிழல்வலைக் கொட்டகையில் பாலித்தீன் கூடாரம் கட்டி, சாக்கை நனைத்துச் சுற்றிலும் தொங்கவிட்டோம். உள்ளே போனால் மூச்சுத் திணறும் ஈரம். அங்கேயே பாதுகாத்து வைத்திருந்த புள்ளிச் செடிகளிலிருந்து இலை பறித்து ஊறவைத்த தண்ணீரை, இருபது தொட்டிக்கும் ஒரே அளவாக மேடம் தெளித்தார். நான் பக்கத்தில் நின்றேன். இருபத்து மூன்றில் வெறும் தண்ணீர் பட்ட ஐந்து தொட்டிகளும் எங்கே இருக்கின்றன என்று எனக்கு மட்டும் தெரியும். இந்தத் தடவை அவற்றுக்குக் காவல் எதுவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து எண்ணுகிற நாள். முந்தின நாளே எல்லா இலைகளையும் கழுவச் சொல்லியிருந்தார், மஞ்சள் தடம் தெரியக் கூடாதென்று. பெரிய ஆபீசரும் வந்து கொட்டகை வாசலில் நின்றார். மேடம் தொட்டி தொட்டியாகக் குனிந்து இலையை எண்ணினார், புள்ளியை எண்ணினார், எண்ணை உரக்கச் சொல்லி நோட்டில் எழுதினார். என் தாள் ரவிக்கைக்குள் மடித்து இருந்தது. வேர்வையில் நனைந்திருக்கும், பென்சில்தானே, நிற்கும்.

நான் நிமிரவே இல்லை. தாய்ச்செடித் தொட்டிகளில் சில மொட்டையாக நின்றன. அது எனக்கு நிமிராமலே தெரிந்தது, காலடியில் மஞ்சள் இலை கிடந்தது. இருபத்து மூன்றின் தொட்டிகளுக்கு அவர் வந்தபோது நான் அவர் குரலை மட்டும் கேட்டேன். புள்ளி இல்லை. புள்ளி இல்லை. குண்டூசித் துளி நாலு, புள்ளி இல்லை. இப்படியே பத்துத் தொட்டியும்.

"இப்போ படிங்க அக்கா" என்றார்.

தாளைப் பிரித்தேன். ஆபீசருக்கும் கேட்கும்படி படிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு சத்தமாக நான் என் வீட்டில்கூடப் பேசியதில்லை. தாய்ச்செடி, வெறும் தண்ணீர்: மொட்டையாக நின்ற தொட்டிகள் அவைதான். தாய்ச்செடி, ஆரத்தித் தண்ணீர்: புள்ளி குறைவு, கொஞ்சம் இலை மிச்சம், ஆனால் அதுவும் பழுக்கத் தொடங்கியிருந்தது. என் மஞ்சள் நாலு நாள் நோயைத் தள்ளிப்போட்டிருக்கிறது, நிறுத்தவில்லை. இருபத்து மூன்று, ஆரத்தித் தண்ணீர்: இலை அத்தனையும் இருந்தது. இருபத்து மூன்று, வெறும் தண்ணீர், தொட்டி எண் ஆறு, ஒன்பது, பதினொன்று, பதினாறு, இருபது.

ஐந்திலும் இலை அத்தனையும் இருந்தது.

ஆபீசர் ஆறாம் தொட்டியைத் தூக்கிப் பார்த்தார். இலையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒன்பதைப் பார்த்தார். கன்னடத்தில் மேடத்திடம் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். வரிசையைக் காலி செய்யும்போது இருபத்து மூன்றை மட்டும் வேரோடு மண்ணோடு எடுத்து வேறு இடத்தில் வைக்க உத்தரவு வந்தது. அழகான பூ உள்ள செடியோடு இதைச் சேர்த்து விதை எடுக்கப்போவதாகச் சொன்னார்கள்.

மேடம் அதையெல்லாம் அப்போது என்னிடம் சொல்லவில்லை. அவர் பதினாறாம் தொட்டியில் குண்டூசித் துளி இருந்த ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு, "வாங்க" என்று லேபுக்கு நடந்தார். இலையை ஏதோ மருந்தில் போட்டுக் கொதிக்கவைத்து, பச்சையெல்லாம் போகச் செய்து, கண்ணாடித் துண்டில் விரித்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். என் தலையைப் பிடித்து இடம் காட்டினார். முதலில் என் கண் இமைதான் தெரிந்தது. பிறகு தெளிந்தது.

தேன்கூடு போல அறை அறையாக இருந்தது இலை. கண்ணாடி போன்ற அறைகள். நடுவில் ஒரு மெல்லிய இழை, தலைமயிரை நூறாகப் பிளந்தால் வருவது போல, ஒரு அறைக்குள் நுழைந்திருந்தது. அந்த அறை பழுப்பாகக் கறுத்திருந்தது. அதைச் சுற்றி இருந்த நாலைந்து அறைகளும் கறுத்திருந்தன. அதற்கு வெளியே எல்லாம் சுத்தம். இழை அங்கேயே நின்றுவிட்டது. மேற்கொண்டு ஒரு அறைகூடப் போகவில்லை.

"அந்தக் கறுத்த அறையெல்லாம் செடியே சாகடிச்சதுங்க அக்கா" என்றார் மேடம் பக்கத்திலிருந்து. "பூஞ்சைக்கு உயிருள்ள அறைதான் சாப்பாடு. அது தொட்ட உடனே, சுத்தி இருக்கறதைச் செடி தானே துவர்ப்பை ஊத்திக் கருக்கிருச்சு. திங்கறதுக்கு ஒண்ணும் இல்லாம அது செத்துப்போச்சு."

அது வெறும் தண்ணீர் பட்ட இலை. நான் மஞ்சள் தொடாத இலை. யாரும் பார்க்காதபோது, பாலித்தீனுக்குள், ஈரத்தில், ஒரு சத்தமும் இல்லாமல் இவ்வளவும் நடந்திருக்கிறது. எந்த இடத்தில் நோய் தொட்டது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை அறையை விட்டுக்கொடுத்தால் போதும் என்று தெரிந்திருக்கிறது. ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. எங்கோ ஒரு ஊரில் கதிர் பட்டு எதுவோ கலைந்ததில் இது வந்திருக்கிறது. என் கையால் கட்டிய கண்ணில் இது இருந்திருக்கிறது, நான் கட்டியபோது வெறும் குச்சியென்று நினைத்தேன்.

வாசலில் கன்னடக்காரி வந்து நின்று கூப்பிடுவது கேட்டது. "அக்கா, பஸ்ஸு போயிடும். பர்ரீ, சீக்கிரம் வாங்க."

"பாத்தாச்சுங்களா?" என்றார் மேடம். விளக்கை அணைக்கக் கையை நீட்டினார்.

"இல்ல மேடம்" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கறேன்."